நோயாளியின் தட்டிலிருந்து தொடங்குங்கள்: மலையகத் தாதி மாணவர்களுக்கு ஒரு போசாக்கு வழிகாட்டி

போசாக்குப் பாடத்தில் நல்ல புள்ளி எடுத்த மாணவர்கள்கூட வாட்டில் ஒரு தாயின் முன்னால் நிற்கும்போது தடுமாறுவதுண்டு. புத்தகத்தில் உள்ள உணவு அட்டவணை ஒரு வகைத் தட்டை மனதில் வைத்து எழுதப்பட்டது. மஸ்கெலியாவிலிருந்தோ டயகமவிலிருந்தோ வந்து கட்டிலில் படுத்திருப்பவரின் தட்டு வேறு. "பால், முட்டை, மீன், பழம் எல்லாம் நிறையச் சாப்பிடுங்க" என்றால் அவர் "சரி மிஸ்" என்பார். வீட்டுக்குப் போனால் வழக்கம்போல ரொட்டியும் சம்பலும்தான். நாம் சொன்னது அவர் வீட்டு அடுப்பு வரை போய்ச் சேரவே இல்லை.

இலங்கையின் 2016ஆம் ஆண்டு மக்கட்தொகை, சுகாதார ஆய்வின்படி, 5 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம். தோட்டப்புறத்தில் 32 வீதம். கண்டியிலோ பதுளையிலோ தாதியர் கல்லூரியில் படித்துவிட்டு மலைநாட்டு வைத்தியசாலை ஒன்றுக்கு வேலைக்குப் போகப்போகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் மறக்கக்கூடாது. இந்த வித்தியாசத்தைக் குறைப்பதில் வைத்தியருக்கு இருக்கும் பங்கை விட நோயாளியுடன் அதிக நேரம் இருக்கும் தாதிக்குப் பங்கு அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கீழே உள்ளவற்றை வரிசையாகப் படியுங்கள். முதலில் அறிவது, அடுத்து அளப்பது, பார்ப்பது, கேட்பது, கணக்குப் போடுவது, பிறகு மாற்றுவது, கடைசியில் எழுதி மறுபடி பார்ப்பது. இதில் கேட்பதற்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: மனதில் இருக்க வேண்டிய எண்கள்

உணவில் நாம் தேடுவது ஆறு: காபோவைதரேற்று, புரதம், கொழுப்பு, விற்றமின், கனியுப்பு, நீர். முதல் மூன்றுதான் சக்தி தருபவை. காபோவைதரேற்று 1 கிராம் 4 கிலோகலோரி, புரதமும் 4, கொழுப்பு 9. மதுவும் 1 கிராமுக்கு 7 கிலோகலோரி தரும். ஆனால் அதில் வேறு எந்தச் சத்தும் இல்லை. நாளாந்தம் குடிப்பவர் உடம்பு பார்வைக்குத் தேறியிருப்பதுபோல் தெரிந்தாலும் உள்ளே விற்றமின் பி1 வற்றிப்போய் இருப்பது இதனால்தான்.

புரதத்துக்கு எளிய கணக்கு: உடல் நிறை 1 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். இது ஆரோக்கியமான வளர்ந்தவருக்கு. கர்ப்பிணிக்கும், பாலூட்டும் தாய்க்கும், காயம் ஆறிக்கொண்டிருப்பவருக்கும் இதைவிட அதிகம் தேவை. புரதத்தின் அளவோடு தரத்தையும் பார்க்க வேண்டும். கோதுமையிலும் அரிசியிலும் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவாக உள்ள மெதியோனின் தானியத்தில் கிடைக்கும். ரொட்டியைச் சம்பலோடு மட்டும் சாப்பிடுவதற்கும் பருப்போடு சாப்பிடுவதற்கும் உள்ள வித்தியாசம் சுவையில் மட்டும் இல்லை.

விற்றமின்களில் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. கரட்டும் கீரையும் துளி எண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்ந்தால்தான் முழுப்பயன் தரும். பி12 விலங்குணவில்தான் இயற்கையாக உள்ளது. ஆகவே நீண்டகாலமாக மரக்கறி மட்டும் சாப்பிடும் முதியவர் கால் விறைப்பு என்று வந்தால் இதை நினைவில் வையுங்கள். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். சீனி, மொத்தச் சக்தியில் 10 வீதத்துக்குள். 2,000 கிலோகலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம். மரக்கறியும் பழமும் சேர்த்து 400 கிராம். இவை உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகள்.

படி 2: சரியாக அளவுங்கள்

தப்பான நிறையில் தொடங்கினால் பின்னால் வரும் எல்லாமே தப்பு. மலைநாட்டில் இதற்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது: குளிர். நானுஓயாவில் காலை கிளினிக்குக்கு வரும் பிள்ளை ஸ்வெட்டர், கம்பளித் தொப்பி, காலுறை என்று எல்லாம் போட்டுத்தான் வரும். அம்மாவிடம் கழற்றச் சொன்னால் தயங்குவார். தடிமன் பிடிக்கும் என்ற பயம் நியாயமானது. கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, பிள்ளையை அம்மாவின் மடியிலேயே வைத்துக் கழற்றி, நிறுத்தவுடன் போர்த்திக் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால் உடுப்பைத் தனியாக நிறுத்துக் கழியுங்கள். மாதத்துக்கு 200 கிராம் கூடவேண்டிய வயதில் ஒரு கனத்த ஸ்வெட்டர் முழு உண்மையையும் மறைத்துவிடும். போன மாதம் ஸ்வெட்டரோடு, இந்த மாதம் இல்லாமல் நிறுத்தால் நன்றாக வளரும் பிள்ளையும் தேய்வதாகத் தெரியும்.

2 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையைப் படுக்கவைத்து நீளம் எடுங்கள். நிற்கவைத்து எடுக்க நேர்ந்தால் 0.7 சென்ரிமீற்றர் கூட்டிக்கொள்ள வேண்டும். 6 மாதம் முதல் 59 மாதம் வரை நடுப்புயச் சுற்றளவு 11.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் கடும் போசாக்கின்மை, 11.5 முதல் 12.5க்குள் இருந்தால் நடுத்தரம். இரண்டு கால் பாதங்களிலும் அழுத்தினால் குழிவிழும் வீக்கம் இருந்தால், நிறை எவ்வளவு என்றாலும், அதுவும் கடும் போசாக்கின்மைதான். வீக்கத்தின் நீர் நிறையைக் கூட்டிக் காட்டும் என்பதால் இந்தப் பிள்ளைகள்தான் அதிகம் தவறிப்போகிறார்கள்.

வளர்ந்தவர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி: கிலோ நிறையை மீற்றர் உயரத்தின் வர்க்கத்தால் வகுங்கள். 18.5க்குக் கீழே நிறை குறைவு. ஆசிய மக்களுக்கு 23இலேயே நீரிழிவு, இருதய நோய் அபாயம் ஏறத் தொடங்குகிறது, 27.5க்கு மேலே அபாயம் அதிகம். எழுந்து நிற்க முடியாத நோயாளிக்கு, கையைப் பக்கவாட்டில் நீட்டி, கழுத்தடியில் நெஞ்செலும்பின் மேல் உள்ள குழியிலிருந்து நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் இடைப்பட்ட அடி வரை அளந்து உயரத்தைக் கணக்கிடலாம். பெண்ணுக்கு அந்த அளவை 1.35ஆல் பெருக்கி 60.1 கூட்டுங்கள், ஆணுக்கு 1.40ஆல் பெருக்கி 57.8.

"எங்க பரம்பரையே குட்டை மிஸ், பிள்ளையும் அப்பிடித்தான்" என்று அடிக்கடி கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2006இல் வளர்ச்சி அளவுகோல்களை வெளியிட்டது. நல்ல சூழலில், தாய்ப்பாலோடு வளர்ந்த பிள்ளைகள் 5 வயது வரை எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வளர்ந்தார்கள். இந்தக் குட்டை பரம்பரையாக வருகிறது என்றால், போசாக்குக் குறைவும் பரம்பரையாக வந்துகொண்டிருக்கிறது என்றுதான் அர்த்தம். இதை அம்மாவிடம் குற்றமாகச் சொல்லாமல் நம்பிக்கையாகச் சொல்லுங்கள்.

படி 3: கண்ணால் பாருங்கள்

நோயாளியைக் கட்டிலில் வைத்துக் குளிப்பாட்டும்போதும், மருந்து கொடுக்கும்போதும் இதைச் செய்துவிடலாம். கீழ் இமை வெளிறல், கரண்டிபோல் குழிந்த நகம் இரும்புச்சத்துக் குறைவைக் காட்டும். வாயோர வெடிப்பு பி2வையும், முரசில் இரத்தக்கசிவு விற்றமின் சியையும், கண் வெள்ளையில் நுரைபோன்ற புள்ளி விற்றமின் ஏயையும், கழுத்து வீக்கம் அயடினையும் நினைவுபடுத்தட்டும். வாய்க்குள்ளும் பாருங்கள். பல் ஆடினால், வெற்றிலைப் புண் இருந்தால் இறைச்சியையும் கடலையையும் எவ்வளவு சொன்னாலும் அவரால் மெல்ல முடியாது. ஆறாத வெள்ளை, சிவப்புத் திட்டைக் கண்டால் போசாக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டு உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

படி 4: கேளுங்கள்

கடந்த 24 மணி நேரத்தில் என்ன சாப்பிட்டார் என்று கேட்பதுதான் முறை. ஆனால் "காலைச் சாப்பாடு என்ன, பகல் சாப்பாடு என்ன" என்று கேட்டால், மூன்று நேரமும் சாப்பிட்டதாகத்தான் பதில் வரும். கொழுந்து பறிக்கும் பெண்ணின் நாள் மூன்று வேளைச் சாப்பாட்டால் பிரிக்கப்படுவதில்லை, வேலையால் பிரிக்கப்படுகிறது. ஆகவே அந்த வழியிலேயே கேளுங்கள்.

"நேத்து எழும்பினதும் முதல்ல என்ன குடிச்சீங்க அக்கா?"

"பிளேன்டீ."

"சீனி எத்தன கரண்டி?"

"ரெண்டு."

"மலைக்குப் போக முன்னுக்கு ஏதாவது சாப்பிட்டீங்களா, இல்ல கட்டிக்கிட்டுப் போனீங்களா?"

"பிள்ளைகள ஸ்கூலுக்கு அனுப்பணுமே. ரெண்டு ரொட்டி கட்டிக்கிட்டுப் போனேன்."

"அத எப்ப சாப்பிட்டீங்க?"

"பத்து மணித் தேத்தண்ணிக்கு."

இந்த நான்கு கேள்வியில் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று பாருங்கள். விடியற்காலையில் எழுந்தவர் பத்து மணி வரை சீனித் தேத்தண்ணியில் மட்டும் மலை ஏறியிருக்கிறார். முதல் சாப்பாடே தேத்தண்ணியோடுதான் உள்ளே போகிறது. இனி கொழுந்து நிறுத்த பிறகு, பின்னேரம் வீட்டுக்கு வந்ததும், இரவு என்று தொடருங்கள். இடையில் பேசாமல் இருங்கள். "அது போதாதே", "ஐயோ, முட்டை இல்லையா" என்று ஒரு வார்த்தை விழுந்தாலும் அதற்குப் பிறகு உங்களுக்குப் பிடித்த பதில்தான் வரும், உண்மை வராது.

அளவைக் கேட்க அவர்கள் பாவிக்கும் அளவையே எடுங்கள்: கோப்பை, அகப்பை, கரண்டி. ரொட்டியின் பெருப்பம் வீட்டுக்கு வீடு வேறு, "ஒரு கிலோ மாவுல எத்தன ரொட்டி சுடுவீங்க?" என்று கேட்டால் ஒரு ரொட்டியில் எவ்வளவு மா என்று தெரிந்துவிடும். "அரைக் கிலோ பருப்பு வீட்டுல எத்தன நாளைக்கு வரும்? எத்தன பேர்?" என்பது இன்னும் நல்ல கேள்வி. ஐந்து பேர் வீட்டில் அரைக் கிலோ பருப்பு ஒரு வாரத்துக்கு வருகிறது என்றால், "தினம் பருப்பு சாப்பிடுறோம்" என்ற பதிலின் அளவு தலைக்கு 15 கிராம்கூட இல்லை.

இன்னும் மூன்றைக் கேட்காமல் விடாதீர்கள். ஒன்று, நேற்று என்ன கிழமை. வெள்ளிக்கிழமை மரக்கறி என்றால் அந்த ஒரு நாளை வைத்து மீனே சாப்பிடுவதில்லை என்று எழுதிவிடக் கூடாது. இரண்டு, சம்பளம் போட்ட வாரமா, சம்பளத்துக்கு முந்தின வாரமா. முதல் வாரம் கோழியும் டின் மீனும் இருக்கும்; கடைசி வாரம் கடைக் கொப்பியில் கடனுக்கு வாங்கிய மாவும் கிழங்கும்தான். இரண்டு வாரத்தையும் தெரிந்தால்தான் அந்த வீட்டின் உண்மையான சாப்பாடு தெரியும். மூன்று, வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுவது. இந்தக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே "நான்தான்" என்று பதில் சொல்லும் பெண்களை நீங்கள் நிறையச் சந்திப்பீர்கள். சட்டியில் மீன் இருந்தது என்பதும் அவர் மீன் சாப்பிட்டார் என்பதும் வெவ்வேறு செய்திகள்.

படி 5: கணக்குப் போட்டுப் பாருங்கள்

உதாரணத்துக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 28, நிறை 45 கிலோ, உயரம் 150 சென்ரிமீற்றர். சுட்டி சரியாக 20. பார்க்க ஒரு குறையும் இல்லை. ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 9.8 கிராம். கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே குருதிச்சோகை. 8 முதல் 10.9 வரை நடுத்தரம்.

அவர் ஒரு நாளில் சாப்பிட்டது: ரொட்டிக்கு 150 கிராம் கோதுமை மா, ரொட்டிக்கும் சம்பலுக்குமாக 50 கிராம் தேங்காய்ப்பூ, 300 கிராம் சோறு, 30 கிராம் பருப்பு, 100 கிராம் உருளைக்கிழங்கு, 10 கிராம் எண்ணெய், ஐந்து கோப்பைத் தேத்தண்ணியில் 50 கிராம் சீனி. சக்தி வரிசையாக 540, 175, 390, 105, 75, 90, 200. மொத்தம் 1,575 கிலோகலோரி. புரதம் மாவில் 15, சோற்றில் 8, பருப்பில் 7, கிழங்கிலும் தேங்காயிலும் சேர்ந்து 3 அல்லது 4. ஏறத்தாழ 34 கிராம்.

தேவை எவ்வளவு? 18 முதல் 30 வயதுப் பெண்ணுக்கு அடிப்படைச் சக்தித் தேவை, நிறையை 14.8ஆல் பெருக்கி 487 கூட்டினால் வரும். இவருக்கு 1,153. சரிவில் ஏறி இறங்கிக் கூடை சுமக்கும் வேலைக்கு அதை 1.85ஆல் பெருக்கினால் 2,130 கிலோகலோரி. புரதம் 37 கிராம். ஆக, சக்தியில் 500க்கு மேல் துண்டு விழுகிறது, புரதமும் தட்டுப்படுகிறது. சக்தி போதாதபோது உடல் புரதத்தையும் எரித்துவிடும் என்பதால் உண்மையான பற்றாக்குறை இன்னும் பெரிது. கிடைக்கும் சக்தியில் எட்டில் ஒரு பங்கு வெறும் சீனி. இரும்புச்சத்து 7 மில்லிகிராம் அளவில் வரும். மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு 18 மில்லிகிராம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் தேவை. அந்த 7 மில்லிகிராமும் தாவர இரும்பு, அதிலும் சாயத்தண்ணியோடு.

இந்தக் கணக்கை ஒவ்வொரு நோயாளிக்கும் போட நேரம் இருக்காது. பயிற்சிக் காலத்தில் பலருக்குப் போட்டுப் பழகுங்கள். அப்புறம் கேட்கும்போதே எங்கே ஓட்டை என்று தெரியவரும்.

படி 6: ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஈம் இரும்பில் 15 முதல் 35 வீதம் வரை உடலில் சேரும். பருப்பு, கீரை, தானிய இரும்பில் அது 2 முதல் 20 வீதம். இந்த 2க்கும் 20க்கும் நடுவில்தான் நம் வேலை இருக்கிறது. தேயிலையில் உள்ள பொலிபீனோல்கள் தாவர இரும்பைப் பிடித்துக்கொண்டு விடாது. சாப்பாட்டோடு குடித்தால் உறிஞ்சலைப் பாதிக்கு மேல் குறைத்துவிடும். பால் சேர்த்தாலும் இது மாறாது. கோப்பியும் இதையே செய்யும். விற்றமின் சி இதற்கு நேர்மாறு: தேசிக்காய், கொய்யாப்பழம், நெல்லிக்காய் சாப்பாட்டோடு சேரும்போது உறிஞ்சல் கூடும்.

இதைப் படித்துவிட்டு "தேத்தண்ணி குடிக்கிறத நிப்பாட்டுங்க" என்று சொல்லாதீர்கள். மழையில் நனைந்து நிற்பவருக்குக் கையில் சூட்டோடு கிடைப்பது அது ஒன்றுதான். பத்து மணி இடைவேளையில் ரொட்டியையும் தேத்தண்ணியையும் ஒரு மணி நேரம் பிரிக்கச் சொல்வதும் மலையில் நடக்காத காரியம். நான் சொல்வது இதுதான்: இரவுச் சோற்றை மட்டும் தேத்தண்ணியிடமிருந்து காப்பாற்றுங்கள். சாப்பிடும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேத்தண்ணி வேண்டாம். அந்த நாளின் பருப்பு, கீரை, கருவாடு எல்லாவற்றையும் அந்த ஒரு வேளைக்குச் சேர்த்துவிடுங்கள். கீரையை இறக்கியபின் பாதித் தேசிக்காய் பிழியுங்கள். காசு செலவே இல்லாத மாற்றம் என்பதால் முதலில் இதைத்தான் சொல்ல வேண்டும்.

அடுத்த சந்திப்பில் இன்னொன்று. பருப்பை இரட்டிப்பாக்கினால் 7 கிராம் புரதம் கூடும். ஒரு முட்டை 6 கிராம். 20 கிராம் நெத்தலிக் கருவாடு 12 கிராம் அளவில் தரும். முள்ளோடு சாப்பிடுவதால் கல்சியமும் கிடைக்கும். உப்பு அதிகம், ஆகவே சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கழுவச் சொல்லுங்கள். பிரஷர் உள்ளவருக்கு இது பொருந்தாது. காய்ந்த சோயா மீட் 30 கிராமில் 15 கிராம் புரதம் வரை உண்டு. லயத்துக்குப் பின்னால் ஒரு துண்டு மண் இருந்தால் வல்லாரை, பொன்னாங்காணி வளரும். கரட்டும் லீக்ஸும் கோவாவும் இதே மலையில் விளைந்து லொறி ஏறிக் கீழே போய்விடுகின்றன; விளைகிற ஊரில் இருக்கிறார் என்பதால் சாப்பிடுகிறார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கடலை, கௌபி, பயறு சாப்பிடச் சொல்லும் போது ஊறவைப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் சூடு ஏறாது, அதனால் கடலை லேசில் வேகாது, விறகும் கேஸும்தான் போகும். பலர் கடலையைக் கைவிடுவதன் காரணம் இது. இரவே ஊறப்போட்டால் நேரம் குறையும், இரும்பைத் தடுக்கும் பைற்றேற்றும் குறையும். பயறை முளைகட்டினால் விற்றமின் சியும் கூடும்.

கர்ப்பிணித் தாய் என்றால்

மேலே சொன்ன அத்தனையும் பொருந்தும். தேவை மட்டும் கூடும். கடைசி மூன்று மாதத்தில் நாளொன்றுக்கு 450 கிலோகலோரிக்கு மேல் கூடுதலாகத் தேவை. கர்ப்பத்துக்கு முன் சுட்டி 18.5க்குக் குறைவாக இருந்தவர் மொத்தம் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும், 18.5 முதல் 24.9 வரை உள்ளவர் 11.5 முதல் 16. "பிள்ள பெருசானா பிரசவம் கஷ்டம்" என்று குறைத்துச் சாப்பிடும் தாய்மார் இருக்கிறார்கள். பயத்தை மதித்துக் கேளுங்கள். பிறகு, 2,500 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கும் பிள்ளைக்கு வரும் தொற்று, குளிர், பால் குடிக்க முடியாமை ஆகியவற்றைச் சொல்லுங்கள்.

கிளினிக்கில் தரும் சத்துமாவான திரிபோஷாவைக் கொடுத்தால் போதாது, யார் சாப்பிடுகிறார் என்று பாருங்கள். 50 கிராமில் ஏறத்தாழ 200 கிலோகலோரி உண்டு. ஆனால் பை வீட்டுக்குப் போனதும் எல்லாப் பிள்ளைகளும் சுற்றி நிற்கும். "பிள்ளைகளுக்குக் குடுக்காதீங்க" என்று எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. "பிள்ளைகளுக்குக் குடுக்கிறது போக உங்க பங்கு எவ்வளவு மிஞ்சுது?" என்று கேட்டு, அவர் பங்கைக் காலையிலேயே உருண்டையாகப் பிடித்து மலைக்கு எடுத்துப்போகச் சொல்லலாம். பத்து மணி வரையிலான அந்த வெறுவயிற்றுக்கும் அது உதவும்.

இரும்பு மாத்திரையைத் தண்ணீரிலோ தேசிக்காய்த் தண்ணீரிலோ விழுங்கச் சொல்லுங்கள், தேத்தண்ணியில் வேண்டாம். கல்சியம் மாத்திரையோடு சேர்த்து எடுத்தால் இரண்டும் சண்டை போடும். ஒன்று பகல், ஒன்று இரவு. மலம் கறுப்பாகப் போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாததால்தான் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளை பிறந்த பின் பத்தியம் வரும். பாட்டியோடு வாதாடாதீர்கள். பத்தியத்தில் அனுமதித்த சுறாக் கருவாடு, உள்ளி, முருங்கைக்கீரை எல்லாம் நல்ல உணவுதான். அவற்றின் அளவைக் கூட்டுங்கள்.

பிள்ளை என்றால்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால், 6 மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும், 2 வயதுக்கு மேலும் தொடர்ந்து தாய்ப்பால். வேலைக்குத் திரும்பும் தாய்க்குப் பால் எடுத்து வைக்கச் சொல்லிக் கொடுங்கள். 25 பாகைக்கு மேற்படாத அறையில் 4 மணி நேரம் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் மலைக்குளிர் நமக்கு உதவி.

6 மாதத்துக்குப் பிறகு சாப்பாடு கெட்டியாக இருக்க வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் வழியக் கூடாது. தண்ணிக் கஞ்சியில் வயிறுதான் நிரம்பும். சோறு, பருப்பு, கீரை மசித்து, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். நாள் போகப்போக முட்டை, முள் நீக்கிய மீன். 6 முதல் 8 மாதத்தில் தாய்ப்பாலுக்கு மேல் 200 கிலோகலோரி, 9 முதல் 11இல் 300, ஒரு வயதுக்குப் பின் 550. தேத்தண்ணியில் நனைத்த பிஸ்கட்டைக் கைப்பிள்ளைக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அதை மட்டும் உறுதியாக நிறுத்தச் சொல்லுங்கள்.

பகல் முழுவதும் பிள்ளை இருப்பது பிள்ளைக்காம்பராவில், அதாவது தோட்டத்துப் பகல்நேரப் பிள்ளைக் காப்பகத்தில். அங்கே பொறுப்பாக இருப்பவரிடம் பேசாமல் அம்மாவிடம் மட்டும் பேசினால் பாதிச் சாப்பாட்டைத் தவறவிடுகிறீர்கள். வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி (உடம்பில் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் தூள்) ஒரு பைக்கெற்றை 1 லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்துக் கொடுத்து, சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்தாமல் தொடர வேண்டும். 6 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாகம் (சிங்க்) 20 மில்லிகிராம் 10 முதல் 14 நாள், வைத்தியர் எழுதியபடி.

கடும் போசாக்கின்மையோடு வாட்டுக்கு வரும் பிள்ளையைக் கண்டதும் முட்டையும் பாலும் ஊட்டத் தோன்றும். அது ஆபத்து. முதலில் குருதிச் சீனி டெசிலீற்றருக்கு 54 மில்லிகிராமுக்குக் குறைந்திருக்கிறதா, அக்குளில் எடுத்த வெப்பநிலை 35 பாகை செல்சியஸுக்குக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். 100 மில்லிலீற்றரில் 75 கிலோகலோரி உள்ள தொடக்கப் பாலை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவிலும் நிறுத்தாமல் கொடுக்க வேண்டும். அம்மாவின் நெஞ்சோடு தோல் படப் போர்த்தி வையுங்கள். மலைநாட்டில் விடியற்காலை 3 மணி ஊட்டலைத் தவறவிட்டால் சீனியும் சூடும் ஒன்றாக இறங்கும். இரும்பு மருந்து நிறை ஏறத் தொடங்கிய பிறகுதான்.

வாட்டில் வளர்ந்தவர்கள்

அனுமதித்த அன்றே மூன்றைக் கேட்டுப் பதியுங்கள்: சுட்டி என்ன, கடந்த 3 முதல் 6 மாதத்தில் தானாக முயலாமலே நிறை குறைந்ததா, நோயால் 5 நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருந்தாரா அல்லது இருக்கப்போகிறாரா. சுட்டி 18.5க்குக் கீழே என்றால் 2 புள்ளி, 18.5 முதல் 20 வரை 1. நிறைக் குறைவு 10 வீதத்துக்கு மேல் என்றால் 2, 5 முதல் 10 வரை 1. நோயால் 5 நாளுக்கு மேல் சாப்பாடு இல்லையென்றால் 2. கூட்டி 2 அல்லது அதற்கு மேல் வந்தால் வைத்தியருக்கும் போசாக்கு அலுவலருக்கும் அறிவியுங்கள்.

பல நாள் பட்டினி கிடந்தவருக்கும், நீண்டகாலம் குடித்தவருக்கும் ஒரேயடியாக ஊட்டினால் பொசுபேற்று, பொற்றாசியம், மக்னீசியம் திடீரென இறங்கி இதயம் நிற்கலாம். குறைவாகத் தொடங்கி மெதுவாக ஏற்றுவது, விற்றமின் பி1ஐ முதலில் கொடுப்பது, குருதி முடிவுகளைத் தினம் பார்ப்பது இவைதான் பாதுகாப்பு.

நீரிழிவுக்காரருக்குச் சோற்றை வெட்டுவதோடு நிற்காமல் தேத்தண்ணிச் சீனியைக் கேளுங்கள். குருதிச் சீனி 70க்குக் குறைந்து வியர்த்தால், உணர்வோடு இருப்பவருக்கு 15 கிராம் சீனி, அதாவது 3 தேக்கரண்டி தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். குழாய் வழி ஊட்டும்போது தலைப்பகுதி 30 முதல் 45 பாகை உயரம்; குழாய் இரைப்பையில்தான் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் உறுதிசெய்த பிறகே ஊட்டல்; முடிந்ததும் நீர் விட்டுக் குழாயைக் கழுவி, அரை மணி நேரத்துக்காவது அதே நிலையில் வையுங்கள்.

படி 7: எழுதுங்கள், மறுபடி பாருங்கள்

"நன்றாகச் சாப்பிட்டார்" என்று அறிக்கையில் எழுதினால் அடுத்த நேரத்துக்கு வருபவருக்கு அதில் ஒன்றும் தெரியாது. "பகல் சோற்றில் பாதி, பருப்பு முழுதும், மீன் தொடவில்லை, பல்வலி என்றார்" என்று எழுதுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது சொன்ன மாற்றத்தை ஒரே வரியில் தமிழில் எழுதிக் கொடுத்து, அதே வரியை அந்தப் பகுதியின் குடும்பநல மாதுவுக்கும் தெரியப்படுத்துங்கள்.

அடுத்த கிளினிக்கில் "சொன்னத செஞ்சீங்களா" என்று கேட்காதீர்கள். நேற்று இரவு என்ன சமைத்தார், எப்போது சாப்பிட்டார், அதன்பின் எப்போது தேத்தண்ணி குடித்தார் என்று கேளுங்கள். ஒழுங்காக மாத்திரை எடுத்திருந்தால் 4 வாரத்தில் ஈமோகுளோபின் 1 கிராமாவது கூடியிருக்க வேண்டும். கூடாவிட்டால் அவரைக் கடிந்துகொள்ள முன், மாத்திரை உண்மையில் கிடைத்ததா, வயிற்றைப் புரட்டி நிறுத்திவிட்டாரா, மாதவிடாய் அதிகமா, செருப்பில்லாமல் மலைக்குப் போகிறவரா, குடற்புழுவுக்கான மருந்து எப்போது எடுத்தார் என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடான தலசீமியாவின் கூறு இருக்கலாம்; இலங்கையில் அது அரிதல்ல. இந்த விபரங்களைக் குறித்து, அட்டையில் முன்னைய முடிவையும் இன்றைய முடிவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தியரிடம் கொடுங்கள்.